முதல் வகுப்பில் உட்கார்ந்தவளுக்கு ஒரு புடவை

என் நாவல் கடைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். கம்பெனி ஆபீசில் போன் அடித்தது. எடுத்தேன். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவராம். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏம்மா, அந்தப் பொம்பள உக்கார்ற சீட்டு நம்பரு என்னா?"

"எந்தப் பொம்பளைங்க?"

"உங்க புஸ்தகத்துல வர்ற பேயிதான். ஃபஸ்ட் கிளாஸ்ல ஜன்னலோரம்னு எழுதியிருக்கீங்க. நம்பரு போடலியே. வர்ற வாரம் நான் திருச்சிக்குப் போவணும்."

அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை, அந்தப் பெட்டியையெல்லாம் உடைத்து இரும்புக்குப் போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அன்றைக்கு எப்படியோ இருந்தது.

"பெட்டி இல்லாட்டி என்னம்மா, அவ இருப்பாளே" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், இந்த மனுஷனுக்கு சீட்டு நம்பர்தான் கவலை! ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தேன். முகம் தெரியாத ஒருவர், நான் எழுதியதை நம்பி, ரயில் ஏறப் பயப்படுகிறார். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? டீக்கடையிலிருந்து ஒரு வடை கூடுதலாகச் சொல்லிச் சாப்பிட்டேன்.

இது இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆன சமயம். மீட்டர் கேஜ் தண்டவாளங்களைப் பெயர்த்து அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கிளார்க். பொம்மை செய்கிற கம்பெனி. பிள்ளையார், யானை, கிளி, கல்லாப்பெட்டி மேல் வைக்கிற குபேரன் எல்லாம் எங்களிடம் உண்டு. களிமண் கரைசலை அச்சில் ஊற்றுவதும் சூளை போடுவதும் ஆண்கள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் அச்சு சேர்ந்த இடம் கோடாகத் தடித்து நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஸ்பாஞ்சு நனைத்துத் துடைத்து வழவழப்பாக்குவது பெண்கள். காலை ஒன்பதுக்கு நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போவேன். சூளைக்காரர்களும் அச்சுக்காரர்களும் அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடுவார்கள். சுரண்டுகிற ஷெட்டில் தலையை எண்ணி 'பெண்கள் 14' என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு முன்னால் இருந்த கிளார்க்கும் அப்படித்தான் எழுதினார். அப்புறம் பில், சரக்கு, கடிதம். மீதி நேரம் என் நாவல்.

நாவல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் முதன்முதலாகத் தண்டவாளம் போட்ட காலம். வெள்ளைக்கார இன்ஜினியருக்குத் தனிக் கூடாரம், தனித் தண்ணீர்ப் பானை. அந்தப் பானைப் பக்கம் கறுப்புத் தோல்காரர்கள் போனால் சவுக்கடி. தாகம் தாங்காமல் ஒரு கூலிப்பெண் அதில் மொண்டு குடித்துவிடுகிறாள். சரியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பள்ளத்தில் அவளை இறக்கி மண் வெட்டச் சொல்கிறான் இன்ஜினியர். மண் சரிந்து மூடிவிடுகிறது. அதே வாரம் அவனுடைய குதிரையும் செத்துப்போகிறது. முகாமில் நோட்டு எழுதுகிற கணக்கப்பிள்ளை நம்மூர் ஆள்தான். அவன் குதிரையைப் பெயரோடு எழுதுகிறான். அவளைப் 'பெண் கூலி, ஒன்று' என்று எழுதுகிறான்.

ரயில் ஓட ஆரம்பித்ததும் அவள் வருகிறாள். 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பலகை தொங்குகிற முதல் வகுப்பில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறாள். கண்ணுக்குத் தெரியமாட்டாள். அந்த இடத்தில் உட்காரப் போகிறவன் உடம்பெல்லாம் ஈர மண். கார்டு கத்துகிறான், போலீஸ் வருகிறது, மந்திரவாதி வருகிறான், பாதிரியார் வருகிறார். அவள் அசையவில்லை. கடைசியில் அந்த இன்ஜினியர் விருத்தாசலத்திலிருந்து திருச்சி வரைக்கும் நின்றுகொண்டே போகிறான். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்த அன்று எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. வீட்டில் யார் பேசினாலும் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. நோட்டில் இல்லாத பெயர் எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று முன்னுரையில் பெருமையாக எழுதியிருந்தேன். அந்தக் கணக்கப்பிள்ளையை மட்டும் விடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அவனை நாறடித்திருந்தேன்.

வாசகர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரகம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் வீடு தேடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சண்டை போட்டார். "வெள்ளைக்காரன் காலத்துல ரயிலு நிமிஷம் தவறாதும்மா. அவனைப் போய் இப்பிடி எழுதிட்டீங்களே!"

"நேரத்துக்கு வந்துச்சு சார், இல்லன்னு சொல்லல. யாரை மண்ணுக்குள்ள போட்டுட்டு வந்துச்சுன்னுதான் எழுதியிருக்கேன்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஆனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்.

பக்கத்து வீட்டு டீச்சர் பேய் வருகிற பக்கங்களை மட்டும் படித்துவிட்டு, மற்றதெல்லாம் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார். அவர் வீட்டுக்காரர் பேய் வருகிற பக்கங்களை விட்டுவிட்டு மற்றதைப் படித்தாராம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கோயில் சேவை செய்கிற குடும்பத்துக்காரர் ஒருவர் நாலு பக்கம் கடிதம் எழுதியிருந்தார். பானையில் தண்ணீர் குடிக்கிற இடத்தில் அழுதுவிட்டாராம். 'ஆனால் அம்மா, அவளைக் கரையேற்றாமல் கதையை முடித்துவிட்டீர்களே, இது பாவமில்லையா' என்று முடித்திருந்தார். சிரித்துக்கொண்டே மேஜை டிராயரில் போட்டேன்.

சுரண்டுகிற ஷெட்டில் என் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு வெகுநாள் தெரியாது. அங்கே பத்தாவது வரை படித்த ஒரு பெண் இருந்தாள், முப்பது வயதிருக்கும். லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து மத்தியான சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படிப்பாள். மற்ற பதின்மூன்று பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்கள். ஒருநாள் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். இன்ஜினியர் நின்றுகொண்டே போகிற அத்தியாயம். "நில்லுடா, நல்லா நில்லு! காலு கடுக்கட்டும்!" என்று ஒருத்தி கத்தினாள். ஷெட்டே அதிர்ந்தது. நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எந்தப் பரிசு வாங்கியிருந்தாலும் அப்படி அழுதிருக்கமாட்டேன்.

அதற்கடுத்த மாதம்தான் சென்னையிலிருந்து பதிப்பாளரின் கடிதம் வந்தது. முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. ஒரு கல்லூரியில் பாடமாக வைக்கப் பேச்சு நடக்கிறது. தேர்வுக் குழுவில் இருக்கிற தமிழ்ப் பேராசிரியருக்கு நாவல் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு குறை. வரலாற்று நாவலில் பேய் வருவதை அவர் ஏற்கவில்லை. வெள்ளையர் செய்த கொடுமை அப்படியே இருக்கட்டும், பேயை மட்டும் எடுத்துவிடுங்கள் என்கிறார். பொங்கல் கழிந்து விருத்தாசலத்தில் விமர்சனக் கூட்டம் ஏற்பாடு செய்திருக்கிறோம், அவரும் வருகிறார், நானும் வருகிறேன், உங்கள் சம்மதத்தை அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்.

முதல் நாள் கடிதத்தைக் கசக்கினேன். இரண்டாம் நாள் நீவி எடுத்து வைத்தேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தவள் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என் புத்தகத்தைக் கல்லூரியில் பாடமாக நடத்துவார்கள், பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள் என்று நினைத்தாலே தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் என்னிடமிருந்த பிரதியில் சிவப்புப் பேனாவால் அவளை அடிக்க ஆரம்பித்தேன். ரயிலில் ஏறுகிற பத்தி, அடித்தேன். ஈர மண், அடித்தேன். பாதிப் புத்தகம் தாண்டியபோது கை வலித்தது. மனசு வலிக்கவில்லை என்றா சொல்கிறேன்? வலித்தது. ஆனாலும் அடித்தேன்.

அந்தப் பிரதியை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு முதலாளி கூப்பிட்டார் என்று உள்ளே போனதுதான் தப்பு. திரும்பி வந்தால், படிக்கிற அந்தப் பெண் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்பாஞ்சு கேட்டு வந்தவள்.

"யக்கா, என்னாக்கா இது? இவ வர்ற எடமெல்லாம் செவப்பா அடிச்சிருக்குது?"

"எடுக்கச் சொல்லிட்டாங்க. காலேஜ்ல பாடமா வைக்கணும்னா பேய் இருக்கக் கூடாதாம்."

"அதுக்காக எடுத்துருவீங்களா?"

"என் புஸ்தகம், நான் அடிப்பேன். உனக்கென்னாடி வந்துச்சு? ஸ்பாஞ்சு வேணுமா வேணாமா?"

அவள் ஸ்பாஞ்சைக்கூட வாங்காமல் போய்விட்டாள். அன்று மத்தியானம் ஷெட்டில் புத்தகம் படிக்கவில்லை. மறுநாள் காலையில் தலை எண்ணப் போனபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கும் மறுநாள், தை மாத வெள்ளிக்கிழமை, மத்தியானம் பெண்ணாடத்துக்காரம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். சுரண்டுகிற ஷெட்டு வேலைக்குப் பெண்ணாடத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பெண்ணாடத்துக்காரம்மாதான். என் வயதுதான் இருக்கும், படிப்பில்லை.

"கிளார்க்கம்மா, செத்த ஷெட்டுக்கு வந்துட்டுப் போங்க. படையல் போட்டிருக்குது."

"என்ன படையல்? யாருக்கு?"

"வாங்களேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாமலோ, பூவும் பொட்டுமாகவோ வீட்டுப் பெண் ஒருத்தி செத்துப்போனால் அவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். பொங்கல் சமயத்திலோ வீட்டில் கல்யாணம் வைத்தாலோ அவளுக்குப் புதுப்புடவை, பூ, மஞ்சள், குங்குமம் வைத்துப் படைப்பார்கள். படைத்த புடவையை அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் பீங்கான் கம்பெனியில், பச்சைப் பிள்ளையார்கள் வரிசையாகக் காய்கிற பலகைக்குக் கீழே, பூவாடைக்காரிக்குப் படைத்து நான் பார்த்ததில்லை.

புது முறத்தில் மஞ்சள் புடவை, அரக்குக் கரை. மேலே ஒரு பந்து கனகாம்பரம். வாழை இலையில் பொங்கல், வடை, கொழுக்கட்டை. ஒரு செம்பு நிறையத் தண்ணீர். அந்தச் செம்பைப் பார்த்ததுமே யாருக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, அது கதைம்மா! நான் உக்காந்து எழுதுனது. அப்பிடி ஒருத்தி இல்லவே இல்ல" என்றேன்.

"கதையாவே இருக்கட்டும். செத்தது செத்ததுதான?" என்றார் பெண்ணாடத்துக்காரம்மா. "தண்ணி குடிச்சதுக்கு மண்ணுல மூடுனான். ஒடம்புல கிழிஞ்ச துணி. புஸ்தகம் முழுக்க அதோடயே ஒக்காந்திருக்கா. ஒரு பொடவ குடுக்கணும்னு உங்களுக்குத் தோணவேயில்லியா? நீங்களும் நம்ம பக்கத்து மனுஷிதான?"

ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் கேட்டதும் இதைத்தான். அப்போது சிரித்துக்கொண்டு டிராயரில் போட்டேன். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், வருடா வருடம் வீட்டில் படையலுக்கு நின்றவள், என் கதையில் செத்தவளுக்கு ஒரு முழம் துணி வைக்க மறந்திருக்கிறேன்.

"எடுக்கறதுன்னா எடுங்க யக்கா" என்றாள் படிக்கிற பெண். "எழுதனது நீங்க. நாங்க யாரு கேக்க? ஆனா தொரத்தி வுடாதீங்க. வயித்துக்குப் போட்டு, துணி குடுத்து அனுப்பிச்சு வைக்கலாம்னுதான் இது."

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. அவர்கள் சண்டை போடவில்லை, வழியனுப்பினார்கள். கற்பூரம் காட்டும்போது ஒருத்தி, "பேரு என்னான்னு சொல்லிக் கூப்புடறது?" என்று கேட்டாள். "பூவாடக்காரின்னு கூப்புடு. வருவா" என்றார் பெண்ணாடத்துக்காரம்மா. பதினாலு பேரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பிறகு அந்தப் புடவையை எடுத்து என் கையில் வைத்தார்கள்.

"எனக்கு எதுக்கு?"

"அவளுக்கு வேற வூடு ஏது? நீங்கதான அவ வூட்டுப் பொண்ணு."

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கட்டிக்கொள்ளத் தைரியம் இல்லை. மறுநாள் சனிக்கிழமை, உட்கார்ந்து சம்மதக் கடிதத்தை எழுதி முடித்தேன். ஆமாம், எழுதத்தான் எழுதினேன். அவ்வளவு ஆசை, கல்லூரி மேல். படையல்தான் போட்டாகிவிட்டதே, அவளை மரியாதையாக அனுப்பியாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நூலகத்தின் மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், இரண்டு மின்விசிறி. பேராசிரியர் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று வந்தார். பதிப்பாளர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொண்டாந்துட்டீங்களா?" என்று காதோரம் கேட்டார். கைப்பையைத் தட்டிக் காட்டினேன். அப்போது படியில் சலசலவென்று சத்தம். ஞாயிறு லீவு நாள். ஆனாலும் ஷெட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். இல்லாததைச் சொல்லக் கூடாது. தோலின் நிறத்தை வைத்துத் தண்ணீர்ப் பானையைப் பிரித்த கொடுமையை இந்த நாவல் போல யாரும் காட்டவில்லை என்றார். நான் பூரித்துப்போனேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆனால் வரலாறு ஆதாரம் கேட்கும். அந்தப் பெண்ணின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை என்று ஆசிரியரே எழுதுகிறார். நோட்டில் இல்லாதவளைப் பேயாக வேறு உலவவிட்டால், அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதையே வாசகர் எப்படி நம்புவார்?" என்றார். முன் வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். யாராவது கருத்துச் சொல்லலாம் என்றார்கள்.

பெண்ணாடத்துக்காரம்மா எழுந்தார். மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"சார், எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இந்தப் பொண்ணு படிச்சிக் காட்டுச்சு, கேட்டேன். நோட்டுல பேரு இல்லாதவ இருந்தான்னு எப்பிடி நம்பறதுன்னு கேக்கறீங்க. நான் ஏழு வருஷமா பொம்ம சொரண்டறேன் சார். எங்க கம்பெனி நோட்டுல எம் பேரு இல்ல. 'பெண்கள் பதினாலு'ன்னு இருக்குது, அவ்ளோதான். நூறு வருஷம் கழிச்சு அந்த நோட்ட நீங்க எடுத்துப் பாத்தா என்னா சொல்லுவீங்க? நான் இருந்தனா, இல்லியா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார். "யாரும்மா அப்படி எழுதறது?" என்று கேட்டார்.

"இதோ ஒக்காந்திருக்காங்களே, எங்க கிளார்க்கம்மா. இவங்கதான்."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது.

அவர் நிறுத்தவில்லை. "கதையில வர்ற கணக்கப்புள்ளய இவங்க திட்டாத திட்டு இல்ல. நாங்க கேட்டுக் கேட்டுச் சிரிப்போம். தன்னத்தான் எழுதியிருக்கோம்னு இவங்களுக்கே தெரியலியேன்னு சிரிப்போம். கோவமில்ல சார். நல்ல மனுஷிதான், சுருக்குனு பேசுவாங்க, அவ்ளோதான். ஆனா அந்தப் பேயி இருக்கட்டும். அவளையும் எடுத்துட்டா அந்தக் கணக்கப்புள்ள எழுதனது மட்டுந்தான் மிஞ்சும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. வாசலில் நின்று என்னோடு சண்டை போட்ட அந்த ரயில்வேக்காரர் எழுந்து நின்று தட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பேராசிரியர் மைக்கில், "அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை" என்றார். அவரும் நேர்மையான மனுஷன்தான்.

பதிப்பாளர் என் பக்கம் சாய்ந்து, "லெட்டர்?" என்றார்.

"இருக்குது. குடுக்கறதுக்கில்ல" என்றேன். "பேய் இருந்தா போடுங்க. இல்லன்னா வேணாம், வுட்டுடுங்க."

அவர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். ஷெட்டில் ஒருத்தி விசிலே அடித்தாள். கீழே உட்கார்ந்து பதிவேட்டை மடியில் விரித்தேன். ஒவ்வொருத்தியாகப் பெயர் கேட்டேன். பதினாலு பேரில் நாலு பேர் பெயர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமாகத் தலையைத்தான் எண்ணியிருக்கிறேன். பெண்ணாடத்துக்காரம்மாவிடம் வந்தபோது, "உங்க பேரு என்னம்மா?" என்று நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். பெயரைச் சொன்னார். "இதக் கேக்கறதுக்கு ஏழு வருஷம் ஆச்சா உங்களுக்கு?" என்று சிரித்தார். ஷெட்டு மொத்தமும் சிரித்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

முதலாளி ஆபீஸ் வாசலிலிருந்து, "என்னம்மா, மணி ஒம்பதரை ஆவுது, இன்னுமா எண்றீங்க?" என்று கத்தினார்.

"எண்ணல சார், எழுதறேன்" என்றேன். அன்றிலிருந்து அந்த நோட்டில் பதினாலு வரி கூடியது. பக்கம் சீக்கிரம் தீர்கிறது என்று அவர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். நான் முறைத்த முறைப்பில் அதையும் விட்டுவிட்டார்.

கல்லூரியில் பாடமாக வைக்கவில்லை. குழுவில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். போகட்டும். மழைக்காலத்துக்கு முன்னால் இரண்டாம் பதிப்பு வந்தது, பேயோடு. கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்றி எழுதியிருந்தேன். ஒரு ஸ்டேஷனில் கூலிப்பெண்கள் சிலர் முதல் வகுப்பு ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் புடவையை உள்ளே வைக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷனில் சீட்டு காய்ந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒரு கார்டு போட்டார், ஒரே வரி, 'இப்போது சரி'. பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்காரரும் மறுபடி போன் செய்தார். "இதுலயும் சீட்டு நம்பரு போடலியேம்மா!"

"எங்க வேணா உக்காருங்க சார். ஜன்னலோரத்த மட்டும் வுட்டுடுங்க" என்றேன்.

இரண்டாம் பதிப்பில் முதல் தாளுக்கு அடுத்த பக்கத்தில் பதினாலு பெயர்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும்கூட. அந்தப் பக்கத்தில் ஒன்றையும் விடவில்லை. புத்தகக் கட்டு வந்த அன்றே பிரித்து, ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். பெண்ணாடத்துக்காரம்மா கையிலிருந்த யானைப் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, களிமண் கையைத் தண்ணீரில் கழுவி, புடவையில் துடைத்து, அப்புறம்தான் புத்தகத்தை வாங்கினார்.

"இதுல எது நானு?"

பதினோராவது வரியைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து, வெகுநேரம் பார்த்தார். நான் அவர் அழப்போகிறார் என்று நினைத்து முந்தானையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம் இல்ல?" என்றார்.